ஒன்றும் நடக்காத படங்களை ஏன் பார்க்க வேண்டும்?

கேள்வி: “நண்பர் சொன்னாரே என்று ஒரு ஜப்பானியப் படம் பார்த்தேன். இரண்டு மணி நேரமும் சாப்பிடுகிறார்கள், தேநீர் குடிக்கிறார்கள், ரயில் ஏறுகிறார்கள். சண்டை இல்லை, திருப்பம் இல்லை. ஒன்றுமே நடக்காத இந்த மாதிரி வெளிநாட்டுப் படங்களில் மக்கள் என்னதான் காண்கிறார்கள்? தொடங்குவதென்றால் எதில் தொடங்கலாம்?”

உங்களுக்கு அலுத்துப்போனதில் தவறேதும் இல்லை. ஆனால் ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த வகைப் படங்களில் சாவு வருகிறது, துரோகம் வருகிறது, போருக்குப் போய்த் திரும்பாத பிள்ளை வருகிறான், பெற்றவர்களைப் பாரமாக நினைக்கும் மகள் வருகிறாள். வேறு யாராவது எடுத்திருந்தால் இடைவேளைக்கு முன்பே நான்கு முறை அழவைத்திருப்பார்கள். இந்த இயக்குநர்களோ, சம்பவம் நடக்கும் நேரத்தில் கேமராவை அங்கே கொண்டுபோவதில்லை. நடப்பதற்குச் சற்று முன்பும் நடந்து முடிந்த பிறகும் அந்த மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதைத்தான் காட்டுகிறார்கள். ‘மென்மையான படம்’ என்று நாம் சொல்வது அந்தத் தாழ்ந்த குரலைத்தான். அந்தக் குரலில் சொல்லப்படும் விஷயம் பெரும்பாலும் ஈவிரக்கமற்றது.

எடுத்துக்காட்டுகளோடு சொன்னால்தான் இது புரியும். முடிவு உட்படக் கதையைச் சொல்லிவிடுவேன். அதனால் இந்தப் படங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓசு 1953இல் எடுத்த ‘டோக்கியோ ஸ்டோரி’யின் கதை நான்கு வரியில் அடங்கும். ஹிரோஷிமா மாகாணத்துத் துறைமுக ஊரான ஓனோமிச்சியில் இருந்து வயதான தம்பதி, டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். மருத்துவரான மூத்த மகனுக்கும் அழகு நிலையம் நடத்தும் மகளுக்கும் நேரமில்லை. போரில் இறந்துபோன இன்னொரு மகனின் மனைவி நோரிகோ மட்டும் அலுவலகத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். ஊர் திரும்பியதும் தாய் இறந்துவிடுகிறாள். அவ்வளவுதான்.

இந்தக் கதையை நம் ஊரில் சொன்னால் உடனே ‘நன்றிகெட்ட பிள்ளைகள்’ என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். ஓசு எழுதவில்லை. மகள் ஷிகேயைப் பாருங்கள். மாமனார் மாமியாருக்காகக் கணவர் நல்ல கேக் வாங்கிவந்தால், அவர்களுக்கு எதற்கு இவ்வளவு விலையில் என்று கடிந்துகொண்டே தானும் எடுத்துத் தின்கிறாள். அம்மா கவலைக்கிடம் என்று தந்தி வந்ததும், துக்க உடையை இப்போதே எடுத்துப்போய்விடலாமா என்று அண்ணனோடு கணக்குப் போடுகிறாள். அம்மா இறந்ததும் வாய்விட்டு அழுகிறாள். அந்த அழுகை உண்மையானது. சடங்கு முடிந்த கையோடு, சாப்பாட்டு இடத்திலேயே, நினைவாக வைத்துக்கொள்ள அம்மாவின் இன்னின்ன உடை எனக்கு வேண்டும் என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியும் உண்மையானது. ஹருகோ சுகிமுரா என்ற நடிகை இரண்டையும் ஒரே பெண்ணாகச் செய்துவிடுகிறார். இப்படி ஒருத்தியை உங்கள் சொந்தத்தில் நீங்கள் பார்த்ததில்லை என்றால் நம்ப மாட்டேன். அவள் கெட்டவளும் இல்லை.

தாய் இறக்கும் நொடியைப் படம் காட்டுவதில்லை. நினைவிழந்து படுத்திருப்பவளைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு விடியற்காலை ஊர்க் காட்சிகள். பிறகு அழுகை. கணவரைக் காணவில்லை. நோரிகோ தேடிப்போகிறாள். பெரியவர் வெளியே தனியாக நிற்கிறார். திரும்பி, அழகான விடியல் என்கிறார். இன்றும் வெயில் கடுமையாக இருக்கும் போலிருக்கிறது என்கிறார். நாற்பது ஆண்டுக்கும் மேலாகக் கூட வாழ்ந்தவளைப் பற்றி அந்த இடத்தில் அவர் சொல்வது இவ்வளவே. சிஷூ ரியூ என்ற அந்த நடிகருக்கு அப்போது 49 வயது. நடித்தது எழுபதை எட்டிய முதியவராக.

வீட்டுக்கு வந்த துக்கத்தைக் கேட்க வருபவர்களிடம் நம் பெரியவர்களும் பஸ் கிடைத்ததா, சாப்பிட்டாயா என்றுதானே கேட்கிறார்கள்? சினிமாவில் மட்டும்தான் மனிதர்கள் துயரத்தைத் துயரத்தின் மொழியிலேயே பேசுகிறார்கள். அது ஒரு மரபு, அதையும் நான் ரசிப்பவன்தான். ஆனால் ஒருவர் வெயிலைப் பற்றிப் பேசும்போது அவர் எதைப் பற்றிப் பேசவில்லை என்று நாமே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும் படத்தில், நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்தப் படங்களின் ஈர்ப்பு எங்கே என்று கேட்டால் அந்த வேலையில்தான் என்பேன். படம் அழுதுவிட்டால் நாம் அழ வேண்டியதில்லை.

இவை ‘இயல்பாக’ எடுக்கப்பட்ட படங்கள், நடிகர்களை உட்காரவைத்துப் பேசவிட்டு எடுத்துவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஓசு விஷயத்தில் அது முழுத் தவறு. 1949 முதல் 1962இல் வந்த கடைசிப் படம் வரை எல்லாத் திரைக்கதைகளையும் கோகோ நோடா என்ற எழுத்தாளரோடு சேர்ந்து எழுதினார். இருவரும் விடுதியில் மாதக்கணக்கில் தங்கி, சாக்கே என்ற அரிசி மதுவைக் குடித்தபடி, ஒவ்வொரு வசனமாகத் தீர்மானிப்பார்கள். அதன்பின் படப்பிடிப்பில் ஒரு சொல் மாறக் கூடாது. கோப்பையை எப்போது எடுப்பது, தலையை எந்தப் பக்கம் திருப்புவது என்பதெல்லாம் முன்பே முடிவானவை. கேமரா பாயில் உட்கார்ந்திருப்பவரின் பார்வை உயரத்தில், சமயத்தில் அதற்கும் கீழே இருக்கும். அநேகமாக அசையவே அசையாது. கண்ணால் பார்ப்பதற்கு நெருக்கமாகக் காட்டும் 50 மி.மீ. லென்ஸைத் தவிர வேறு எதையும் அவர் விரும்பியதில்லை. பேசுபவர்கள் ஏறக்குறைய நம் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே புகைபோக்கி, கொடியில் காயும் துணி, ஆளில்லாத தாழ்வாரம். உங்களை அலுக்கவைத்தது இந்த வெற்று இடங்கள்தான் என்று ஊகிக்கிறேன். எதிலும் ‘இதைக் கவனி’ என்று சொல்லாததால், முதல் அரை மணி நேரம் கண் எங்கே போவதென்று தெரியாமல் தவிக்கும். பிறகு பழகிவிடும். பழகியபின் ஒருவர் சற்றுத் தலைகுனிந்தாலே பெரிய சம்பவமாகத் தெரியும்.

அதே இயக்குநரின் ‘லேட் ஸ்பிரிங்’ படத்தில், 1949இல், அப்பாவைத் தனியே விட்டுப்போக மனமில்லாமல் மகள் திருமணத்தைத் தள்ளிப்போடுகிறாள். அவள் போகட்டும் என்பதற்காக அப்பா தானும் மறுமணம் செய்யப்போவதாகப் பொய் சொல்கிறார். மொத்தப் படமும் கல்யாணத்தைப் பற்றியது, கல்யாணத்தைக் காட்டவில்லை. மாப்பிள்ளை ஹாலிவுட் நடிகர் கேரி கூப்பர் மாதிரி இருப்பார் என்று பேசிக்கொள்கிறார்கள். கடைசிவரை அவர் முகத்தை நாம் பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்து மாப்பிள்ளையே வராத கல்யாணப் படம் இதுதான். அவர் எப்படிப்பட்டவர் என்பது கதைக்குத் தேவைப்படவே இல்லை.

இனி ஓர் அண்மைக்காலப் படம். எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான், ஆகவே சற்று நீளமாகவே சொல்வேன். ஹிரோகாசு கொரீடா தன் தாயை இழந்த பிறகு 2008இல் எடுத்த ‘ஸ்டில் வாக்கிங்’. மூத்த மகனின் நினைவு நாளுக்குக் குடும்பம் கூடுகிறது. அவன் பல ஆண்டுகளுக்கு முன் கடலில் மூழ்கிய ஒரு சிறுவனைக் காப்பாற்றப்போய் உயிர்விட்டவன். படத்தின் பெரும்பகுதி ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் காலை. தொடக்கமே அடுக்களையில், முள்ளங்கியும் கேரட்டும் சீவும் சத்தத்தில். மக்காச்சோள முத்துகளைக் கட்டைவிரலால் உதிர்த்து, மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். எண்ணெயில் அது வெடிக்கும் சத்தம் கேட்டு, யாரோடும் முகம் கொடுத்துப் பேசாத அப்பா அறையை விட்டு வெளியே வருகிறார். ஓய்வுபெற்ற மருத்துவர். தொழிலைத் தொடர வேண்டிய மகன் இறந்துவிட்டான் என்ற கோபம் இன்னும் தணியாதவர். எஞ்சியிருக்கும் இளைய மகன் ரியோதா பழைய ஓவியங்களைச் செப்பனிடும் தொழில் செய்கிறவன், இப்போது வேலையும் இல்லை. கணவனை இழந்த ஒரு பெண்ணை மணந்து அவள் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

அம்மாவாக வருபவர் கிரின் கிகி. சிரித்துக்கொண்டே இருக்கும் அம்மா, வாய் ஓயாத அம்மா, பரிமாறிக்கொண்டே இருக்கும் அம்மா. அந்த அம்மாவை நம்பி நாம் சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான் அந்தக் காட்சி வருகிறது.

அன்று காப்பாற்றப்பட்ட சிறுவன் இப்போது இளைஞன். ஒவ்வோர் ஆண்டும் அந்த வீட்டுக்கு அழைக்கப்படுகிறான். உடல் பெருத்து, வியர்த்து, நிலையான வேலை இல்லாமல், மண்டியிட்டு உட்கார்ந்து கால் மரத்துப்போய், மன்னிப்புக் கேட்பது போலவே பேசிவிட்டுப் போகிறான். இரவு ரியோதா அம்மாவிடம் கேட்கிறான்: இனி அவனை அழைக்க வேண்டாமே, பாவம், நம் முன்னால் உட்கார அவன் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. அம்மா கையில் பின்னல் வேலை. ஊசியை நிறுத்தாமல், குரலை உயர்த்தாமல் சொல்கிறாள்: அதற்காகத்தானே அழைக்கிறேன். வெறுக்க ஓர் ஆள் இல்லாவிட்டால் வேதனை இன்னும் அதிகம். ஆண்டுக்கு ஒரு நாள் அவனும் துன்பப்படட்டும், அடுத்த ஆண்டும் அழைப்பேன்.

இசை இல்லை, முகத்தை நெருங்கிக் காட்டுவதும் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரச் சிரிப்பு முழுவதையும் திரும்பிப் பார்க்க வேண்டியதாகிவிடுகிறது. அந்தச் சோளப் பொரியலும் இந்த வெறுப்பும் ஒரே கையிலிருந்து வந்தவை. அதற்காக இவள் கொடுமைக்காரி என்றும் சொல்ல முடியவில்லை. அதே பெண் அன்றிரவே வீட்டுக்குள் பறந்துவந்த மஞ்சள் வண்ணத்துப்பூச்சியை இறந்த மகன் என்று நம்பி, கையை நீட்டிக்கொண்டு அதன் பின்னால் அலைகிறாள். கதாபாத்திரத்தை மையமாக வைத்த படம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. கதையை முன்னே தள்ள வேண்டிய கட்டாயம் இருந்திருந்தால், இந்தப் பெண் நல்லவளா கெட்டவளா என்று எப்போதோ தீர்மானித்திருக்க வேண்டும்.

மறுநாள் பஸ்ஸில் ஏறிய பிறகு, முந்தின நாள் அம்மா நினைவுக்குக் கொண்டுவர முடியாமல் தவித்த ஒரு சுமோ வீரரின் பெயர் ரியோதாவுக்குச் சட்டென்று வந்துவிடுகிறது. எப்போதும் கொஞ்சம் தாமதமாகிவிடுகிறது என்கிறான். அடுத்து புத்தாண்டுக்கு வர வேண்டியதில்லை, ஆண்டுக்கு ஒரு தடவை போதும் என்றும் மனைவியிடம் சொல்கிறான். பஸ் நிறுத்தத்திலிருந்து மேடேறிப் போகும் பெற்றோரோ, அடுத்துப் புத்தாண்டுக்கு வருவார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். இதற்கு விளக்கம் எழுதினால் என்னைத்தான் வைய வேண்டும்.

எல்லோரும் கொரீடாவை ஓசுவின் வாரிசு என்கிறார்கள். அவர் மறுக்கிறார், ஓசு காலத்து ஜப்பானிய இயக்குநர் மிகியோ நருசேயும் பிரிட்டனின் இயக்குநர் கென் லோச்சும் தனக்கு நெருக்கமானவர்கள் என்கிறார். நியாயமான மறுப்பு. ஓசுவின் மனிதர்கள் பணக் கஷ்டத்தை அதிகம் பேசுவதில்லை. கொரீடாவின் உலகில் வாடகை, கடன், வேலையின்மை எல்லாம் இருக்கின்றன. 2018இல் கான் (கேன்ஸ்) திரைப்பட விழாவின் தங்கப்பனை விருது பெற்ற ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ படத்தில் குடும்பமே கடையில் திருடியும்தான் பிழைக்கிறது.

ஜப்பானை விட்டு வெளியே வருவோம். ஈரானின் அப்பாஸ் கியாரோஸ்தமி 1987இல் எடுத்த ‘வேர் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்?’ படத்தில் பிரச்சினை ஒரு நோட்டுப்புத்தகம். பக்கத்தில் உட்காருபவனின் நோட்டை அகமது தவறுதலாக வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டான். நாளையும் அவன் நோட்டில் எழுதி வராவிட்டால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவேன் என்று ஆசிரியர் எச்சரித்திருக்கிறார். நண்பன் வீடு அடுத்த ஊரில். எந்த வீடு என்று தெரியாது. அம்மா விடமாட்டாள். அவ்வளவு சிறிய விஷயத்துக்காக அந்தப் பையன் குன்றில் வளைந்து வளைந்து ஏறும் பாதையில் ஓடுவதை, துரத்தல் காட்சி பார்ப்பது போல் நெஞ்சு படபடக்கப் பார்ப்போம். நடுவில் தாத்தா குறுக்கிட்டு, தன்னிடம் சிகரெட் இருந்தும், பணியப் பழக வேண்டும் என்பதற்காக அவனைச் சிகரெட் எடுத்துவர அனுப்புகிறார். என் அப்பா வாரம் ஒரு காசு கொடுப்பார், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அடிப்பார், காசை மறந்தாலும் அடியை மறந்ததில்லை என்று பக்கத்தில் இருப்பவரிடம் பெருமையாகச் சொல்கிறார். ‘அழகான குழந்தைப் படம்’ என்று இதைச் சொல்பவர்கள் தாத்தா பேசும்போது எங்கே போயிருந்தார்கள் என்று தெரியவில்லை. பெரியவர்கள் அநேகமாக யாருமே குழந்தை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காத படம் அது.

ஈரானியக் குழந்தைப் படங்களின் வழி நமக்கும் வந்திருக்கிறது. மஜித் மஜிதி 1997இல் எடுத்த ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ படத்தை முறையாக உரிமை பெற்றுத் தமிழில் ‘அக்கா குருவி’ என்று 2022இல் எடுத்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் இசை வருகிறது, எந்த இடத்தில் வரவில்லை என்பதை மட்டும் கவனித்தாலே நான் மேலே சொன்னதில் பாதி விளங்கிவிடும்.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வரலாம்: வெளிநாட்டுப் படம் என்பதாலேயே மயங்குகிறோமோ? ஓரளவு உண்மை. சிஷூ ரியூவின் முகம் நமக்கு முதன்முதலாகத் தெரிவது அந்த அப்பாவாகத்தான். அவரைப் பற்றிய கிசுகிசு, ரசிகர் மன்றம், போன படத்தின் தோல்வி எதுவும் குறுக்கே வராது. ஜப்பானியருக்கு அந்தச் சலுகை இல்லை. கிரின் கிகி அவர்களுக்குத் தொலைக்காட்சியிலும் விளம்பரத்திலும் பார்த்துச் சிரித்துப் பழகிய முகம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓசு எடுத்தவை அறிவுஜீவிகளுக்கான படங்கள் அல்ல. ஷோச்சிகு என்ற பெரிய வணிக நிறுவனத்துக்காக, பெரிய நட்சத்திரங்களை வைத்து, குடும்பத்தோடு வந்து பார்ப்பவர்களுக்காக எடுத்தவை. நிறுவனத்தாரே, இவை மிகவும் ஜப்பானியத்தனமானவை, வெளிநாட்டாருக்குப் புரியாது என்று நினைத்து ஏற்றுமதி செய்யத் தயங்கினார்கள். ‘டோக்கியோ ஸ்டோரி’ நியூயார்க்கில் திரைக்கு வந்தது 1972இல், ஓசு இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு. 2012இல் சைட் அண்ட் சவுண்ட் என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழ் உலக இயக்குநர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அது முதலிடம் பெற்றது.

இந்த வகையில் எல்லாமே நல்ல படம் என்று சொல்ல வரவில்லை. மெதுவாக இருப்பதாலேயே ஆழமாகிவிடாது. ஜெர்மானிய இயக்குநர் விம் வெண்டர்ஸ் 2023இல் எடுத்த ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ பற்றி எனக்கு இரண்டு மனது. டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஹிராயாமா என்ற மனிதரின் அன்றாடம். பெயர்கூட ‘டோக்கியோ ஸ்டோரி’ குடும்பத்தின் பெயர். வெண்டர்ஸ் ஓசுவைத் தேடி 1985இல் ஓர் ஆவணப்படமே எடுத்தவர். ஹிராயாமாவாக நடித்த கோஜி யாகுஷோவுக்குக் கானில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. கடைசியில் வண்டி ஓட்டிக்கொண்டே அவர் சிரிப்பும் அழுகையுமாக இருக்கும் அந்த நீண்ட ஷாட்டுக்காகவே அது தகும். ஆனால் அந்தக் கழிப்பறைகள் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தவை, பளபளவென்று இருப்பவை. இந்த வேலையை யார் செய்கிறார்கள், எப்படிச் செய்யவைக்கப்படுகிறார்கள் என்று அறிந்த நம் ஊர் பார்வையாளருக்கு, அந்தச் சுத்தம் கொஞ்சம் உறுத்தாமல் போகாது. ‘ஸ்டில் வாக்கிங்’ அம்மாவிடம் இருந்த முள் இந்தப் படத்தில் இல்லை. தேநீர் குடித்துக்கொண்டு பார்க்க இதமாக இருக்கும், மறுநாள் தொந்தரவு செய்யாது.

எதில் தொடங்குவது? ‘டோக்கியோ ஸ்டோரி’யில் வேண்டாம். புகழைக் கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தால் 136 நிமிடமும் அந்தப் புகழுக்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஓசு 1959இல் வண்ணத்தில் எடுத்த ‘குட் மார்னிங்’கில் தொடங்குங்கள். ஒன்றரை மணி நேரம்தான், சிரிக்கவும் வைக்கும். டிவி வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிக்கும் இரண்டு சிறுவர்களை, சும்மா வளவளவென்று பேசாதே என்று அப்பா அதட்டுகிறார். பெரியவர்கள்தான் காலை வணக்கம், நல்ல வெயில், எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று பொருளில்லாமல் பேசுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டுவிட்டு, பையன்கள் மௌன விரதம் தொடங்குகிறார்கள். குசு விடும் போட்டியும் உண்டு; உலக சினிமா மேதை என்று பயந்துகொண்டு போகிறவர்களுக்கு அது நல்ல மருந்து. கடைசியில் ரயில் நிலையத்தில், ஒருவரை ஒருவர் விரும்பும் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் நின்று வானிலையைப் பற்றியும் மேகத்தின் வடிவத்தைப் பற்றியும் மட்டுமே பேசிக்கொள்வார்கள். அந்த இடம் உங்களுக்குப் பிடித்துவிட்டால் அடுத்து ‘ஸ்டில் வாக்கிங்’, அதன்பின் கியாரோஸ்தமி. ‘டோக்கியோ ஸ்டோரி’யைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சுப் படம் வேண்டுமென்றால் எரிக் ரோமரின் ‘த கிரீன் ரே’. 1986இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருது பெற்றது. விடுமுறைக்கு யாரோடு, எங்கே போவதென்று தெரியாமல் அலையும் ஒரு பெண். எரிச்சலூட்டுவாள், சைவச் சாப்பாட்டுக்காரி என்பதால் விருந்துக்குப் போன வீட்டில் எல்லோரோடும் வாதாடுவாள். அவளைப் பொறுத்துக்கொள்ள முடியாமல் பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு. எனக்கு அவளைப் பிடிக்கும்.

டப்பிங் செய்த பிரதியைத் தொடாதீர்கள். இந்தப் படங்களில் பாதி குரலில்தான் இருக்கிறது. ஆங்கிலத் துணைத்தலைப்பு கொஞ்சமே வருவதால் தமிழ் மட்டும் படிப்பவர்களுக்கும் அருகில் ஒருவர் இருந்தால் சொல்லிச் சொல்லிப் பார்க்கலாம். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். ‘குட் மார்னிங்’ பார்த்தும் அலுப்பாக இருந்தால் விட்டுவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பெற்றோரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய வாரத்தில் ‘ஸ்டில் வாக்கிங்’கை மட்டும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வாருங்கள்.